புத்தூர் வீட்டுக்கு எந்தத் துளை?

போன வைகாசியில் ஜேர்மனியிலிருந்து மாமா அழைத்தார். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் அம்மம்மா இருந்த வீட்டைத் திருத்தி மேலே நாலு அறை எடுப்பது, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சொந்தபந்தத்தை அங்கே தங்க வைப்பது, மற்ற மாதங்களில் வாடகைக்கு விடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மேற்பார்வை என் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் வீடு கட்டிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் தொழில். ஆனால் அன்று அவர் கேட்டதை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"தம்பி, இஞ்ச எங்கட வீட்டை நிலச்சூட்டிலதான் சூடாக்கிறம். வளவுக்குள்ள ரெண்டு துளை, அவ்வளவுதான். ஒயிலும் இல்லை, காஸும் இல்லை. அங்க அதே துளையால அறையளைக் குளிராக்கலாம்தானே? தண்ணிக்கும் குழாய்க் கிணறு அடிக்கத்தான் போறாய். மெஷின் வாற அண்டைக்கே ரெண்டு வேலையையும் முடிச்சுவிடு."

கேட்டவுடன் மறுக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை. ஒரு மாதம் தேடி, வாசித்து, கணக்குப் போட்டு அவருக்குப் பதில் அனுப்பினேன். அதன்பின் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இருவர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஆகவே அந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. எழுதிய கிழமையே பிழையாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். நிலச்சூடு என்றால் நம்மவர்கள் பலருக்கு ஐஸ்லாந்தில் ஆவி பறக்கும் மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். அது எரிமலை நிலத்தின் சங்கதி. இலங்கையில் எரிமலை இல்லை. வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன: திருகோணமலைக் கன்னியா, மகாஓயா, தெற்கே மகாபெலஸ்ஸ. மகாஓயாவில் ஊற்று 50 பாகை செல்சியஸைத் தாண்டும். இவையெல்லாம் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பழைய கடும்பாறைகளின் வெடிப்புகள் வழியே வருபவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கீரிமலைத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். சாதாரண நிலத்தில் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகைதான் சூடு ஏறும். மின்சாரத்துக்கு வேண்டிய சூட்டை எட்ட நாலைந்து கிலோமீற்றர் துளைக்க வேண்டும். புத்தூரில் நாலு அறைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மாமா சொல்வது இதுவல்ல. அவருடைய வீட்டில் நூறு மீற்றர் ஆழத்துக்குள் ஒரு பிளாஸ்ரிக் குழாய் இறங்கி வளைந்து மேலே வருகிறது. அதில் ஓடும் திரவம் நிலத்தின் 10 பாகைச் சூட்டை எடுத்துவர, வீட்டிலுள்ள இயந்திரம் அதை அழுத்தி 35, 40 பாகையாக்குகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சுடுகிறதே, அதே வித்தைதான். வெளியே காற்று மைனஸ் 5 பாகையில் நிற்க நிலம் 10 பாகையில் இருந்தால், அந்த 15 பாகை வித்தியாசந்தான் அவருக்கு லாபம்.

இந்த வித்தியாசம் புத்தூரில் எவ்வளவு? சில மீற்றருக்குக் கீழே நிலத்தின் சூடு அந்த ஊரின் வருடச் சராசரிக் காற்றுச் சூட்டை ஒட்டியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 28 பாகை. ஆடி மாதப் பகலில் காற்று 33 பாகைக்குப் போகும். ஐந்து பாகை லாபம் என்று சொல்லலாம். ஆனால் தங்க வருகிறவர்கள் ஏசியைப் பகலில் போடுவதில்லை. பகலில் கோயில், கடல், சொந்தக்காரர் வீடு என்று திரிந்துவிட்டு இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் அறைக்கதவைச் சாத்துவார்கள். அந்நேரம் வெளிக்காற்றே 28 பாகைதான். நிலத்துக்கும் காற்றுக்கும் வித்தியாசமே இல்லாத நேரத்தில் வேலை செய்யவா நாங்கள் நிலத்தைத் துளைக்கப் போகிறோம்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜேர்மனியில் மாரியில் நிலத்திலிருந்து எடுத்த சூட்டை அடுத்த கோடை திருப்பிக் கொடுத்துவிடும். நிலம் அங்கே ஒரு வங்கி மாதிரி. எடுப்பும் உண்டு, வைப்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க வைப்பு மட்டுந்தான். அறையின் சூட்டை நாளுக்கு நாள் அதே துளைக்குள் இறக்கிக்கொண்டே போனால் துளையைச் சுற்றிய கல் சூடேறும். இரண்டு மூன்று வருடத்தில் இருந்த சிறு லாபமும் போய்விடும்.

துளை எவ்வளவு வேண்டும் என்றும் பார்த்தேன். 12,000 பிரியூ (BTU) ஏசி ஒன்று அறையிலிருந்து 3.5 கிலோவாட் சூட்டை எடுத்து, தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 4.5 கிலோவாட்டை வெளியே தள்ளும். நாலு அறைக்கு 18. துளையின் ஒரு மீற்றருக்கு 50 வாட் என்பது ஜேர்மனியில் வழங்கும் கைக்கணக்கு. அதன்படி 360 மீற்றர், அதாவது 90 மீற்றரில் நாலு துளை. இந்த 90 மீற்றர் என்ற எண்ணைக் கண்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்பதற்குத் தண்ணீர்க் கதைக்கு வரவேண்டும்.

கடலின் மேல் மிதக்கும் தண்ணீர்

புத்தூர்க்காரருக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். அடியில்லாக் கிணறு என்றும் இராமர் அம்பு விட்ட இடம் என்றும் சின்ன வயதில் கேட்ட கதை இருக்கட்டும். நிலாவரையில் கண்ணுக்குத் தெரிவதுதான் புத்தூரும் அடங்கிய வலிகாமப் பகுதி முழுக்க நிலத்துக்குக் கீழே நடக்கிறது.

குடாநாட்டுச் சுண்ணக்கல் ஓட்டையும் குகையும் நிறைந்த கல். நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றும் நமக்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ரொட்டி போன்ற வடிவம்; நன்னீர் வில்லை என்பார்கள். சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நாலு பெரிய வில்லைகளாக நிலநீரியலாளர்கள் பிரிக்கிறார்கள். புத்தூர் சுன்னாக வில்லையில் கிடக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் நெதர்லாந்தில் கைபென் என்பவரும், 1901இல் ஜேர்மனியில் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்ட ஒரு கணக்கு இதற்கு உண்டு. கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சந்தான் பாரம், ஆயிரத்துக்கு இருபத்தைந்து. ஆகவே கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மகிழ்ச்சிதான். திருப்பிப் பாருங்கள்: மோட்டரைப் போட்டு மூன்று அங்குலம் மட்டத்தை இறக்கி அப்படியே வைத்திருந்தால் அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 10 அடி மேலே வர இடமுண்டு. அதுவும் உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பும்.

ஆகவே 90 மீற்றர்த் துளை என்பது 295 அடி. வலிகாமத்தின் நல்ல இடத்திலும் நன்னீர் சில பத்து மீற்றருக்குத்தான். மிச்சம் முழுக்க உப்புக்குள் போகும். துளையைச் சுற்றிச் சீமெந்துக் குழம்பு இறைத்து அடைப்பதுதான் முறை. ஆனால் குகை விழுந்த கல்லில் அந்தக் குழம்பு எங்கே போகும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? சரியாக அடைபடாத ஒரு துளை மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் நடுவே போட்ட படிக்கட்டு. மலசலகூடக் குழியின் கசிவு கீழே இறங்கவும் அதே வழி.

மாமாவுக்கு அவருடைய நாட்டு உதாரணமே இருந்தது. அவர் வசிக்கும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஸ்ரௌபன் என்றொரு பழைய பட்டணம். 2007இல் நகர மண்டபத்தைச் சூடாக்க ஏழு துளை போட்டார்கள், ஏறத்தாழ 140 மீற்றர் ஆழம். துளை வழியே நிலத்தடி நீர் அன்ஹைட்ரைற்று என்ற ஒரு கல் படைக்குள் புகுந்தது. அந்தக் கல் தண்ணீர் குடித்து ஜிப்சமாக மாறிப் பொங்கியது. நிலம் எழும்ப, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் வெடிப்பு. நம்மிடம் அந்தக் கல் படையால் வரும் ஆபத்து இல்லை. ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று முழுதாய்த் தெரியாமல் நீர்ப்படைகளை ஊடுருவிப் போனதன் பலன் என்ற அளவில் கதை ஒன்றுதான். இன்னொன்றும் சொன்னேன்: ஜேர்மனியில் குடிநீர்ப் பாதுகாப்பு வலயத்தின் உட்பகுதிகளில் இந்தத் துளைக்கு அனுமதி கிடையாது. வலிகாமத்தில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் கிணறு இருக்கிறது. அவருடைய நாட்டுச் சட்டத்தை இங்கே விரித்தால் துளைக்க ஒரு பரப்புக் காணியும் மிஞ்சாது.

"அப்ப கிணத்துத் தண்ணியையே எடுத்து ஏசிக்கு ஓட விட்டிட்டுத் திருப்பி விட்டால்?" என்று அடுத்த அழைப்பில் கேட்டார். மாமா இலேசில் விடுகிற ஆள் இல்லை. அப்படியும் ஒரு முறை உலகில் உண்டு. ஒரு கிணற்றில் எடுத்து இன்னொன்றில் விடுவது. தண்ணீரை ஐந்து பாகை மட்டும் சூடேற விட்டால் 4.5 கிலோவாட்டுக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு 770 லீற்றர் ஓட வேண்டும். நாலு அறை, எட்டு மணித்தியாலம்: ஓர் இரவுக்கு ஏறத்தாழ 25,000 லீற்றர். அந்த வீட்டின் எல்லா அறையும் நிறைந்து, எல்லோரும் தாராளமாகக் குளித்தாலும் ஒரு நாளைக்கு 2,000 லீற்றர் போகாது. கிட்டத்தட்ட இரண்டு கிழமைத் தண்ணீரை ஒரு இரவில் இழுத்து, வெதுவெதுப்பாக்கி, பக்கத்துக் குழிக்குள் ஊற்றுவது. ஓட்டைக் கல்லில் அந்தச் சுடுநீர் சுற்றி வந்து நம்முடைய கிணற்றிலேயே சேரலாம். அயலவரின் கிணற்றிலும் சேரலாம். கூடவே கல்சியம். நம்முடைய கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு ஏசியின் செப்புக் குழாய்க்குள் படிந்தால் யார் சுரண்டுவது? இந்தத் தெரிவை அத்தோடு விட்டோம்.

குழாயா, கட்டுக்கிணறா

குளிரூட்டும் துளை போய்விட்டது. தண்ணீருக்கான துளை மிச்சம் இருந்தது. இதிலும் மாமாவுக்குக் குழாய்க் கிணறுதான் நாகரிகம். ஆழத்துத் தண்ணீர் சுத்தம், அழுக்கு விழாது, இடமும் மிச்சம் என்பது அவருடைய வாதம். வன்னியின் கடும்பாறையில், மலைநாட்டில் எல்லாம் அது சரியாக இருக்கலாம். வில்லைத் தண்ணீரில் ஆழம் போகப் போக நல்லது என்ற எண்ணம் தலைகீழாகிவிடும்.

பழைய கட்டுக்கிணறு பத்துப் பன்னிரண்டு அடி அகலம். இரவு முழுக்க ஊறிய தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். காலையில் எடுப்பது பெரும்பாலும் அந்தச் சேமிப்பு. மட்டம் மெதுவாக இறங்கும், மெதுவாக ஏறும். எடுப்பதும் வில்லையின் மேற்பகுதித் தண்ணீர். ஆறு அங்குலக் குழாயில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. மோட்டர் போட்ட அந்த நிமிடமே சுற்றியுள்ள கல்லிலிருந்து இழுக்கும், அதுவும் ஆழத்தில், உப்புக்குக் கிட்ட. துலா மிதித்த காலத்தில் உடம்பு களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டருக்குக் களைப்பு இல்லை.

நான் இதில் சூடு கண்டவன். தென்மராட்சியில் கடனீரேரிக்குக் கிட்ட ஒரு வீடு கட்டினோம். துளை போட வந்தவர்கள் 60 அடியில் நல்ல தண்ணீர் கண்டார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கணக்கில் காசு வாங்குகிறவர்களும் தாமாக நிறுத்தவில்லை. 110 அடி வரை போனார்கள். முதல் மாதம் தண்ணீர் இளநீர். மூன்றாம் மாதம் தேநீர் திரைந்தது. கடைசியில் அந்தக் குழாயைச் சீமெந்து ஊற்றி மூடி, வளவின் மறுபக்கம் பதினெட்டு அடியில் கிணறு வெட்டினோம். அந்த வீட்டுக்காரர் இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாமல் இருக்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

புத்தூர் வீட்டில் அம்மம்மாவின் கிணறு இருக்கிறது. 28 அடி, கட்டு உறுதி, அடியில் இருபது வருடச் சேறு. இறைத்து, சேறெடுத்து, கட்டை உயர்த்தி, வலை மூடி போட்டால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் எண்ணத்தை நம்பித் தென்மராட்சியில் பட்டது போதும். அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

எதைக் கொண்டு அளப்பது

நம்மூரில் முதலில் வருவது நிலையம் பார்க்கிறவர். வேப்பங்கவரை இரு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார், அது தாழும் இடத்தில் குறி வைப்பார். நான் இவர்களைப் பகிடி பண்ணுவதில்லை. அனுபவசாலி ஒருவர் தடியைவிட மரத்தையும், புற்றையும், அயல் கிணறுகளையும்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் வலிகாமத்தில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் வரும். இங்கே கேள்வி தண்ணீர் உண்டா என்பதே இல்லை. எவ்வளவு தடிப்பு, கோடையில் எவ்வளவு, எந்த ஆழத்தில் உப்பு, அதில் வேறு என்ன கரைந்திருக்கிறது? இதற்குத் தடியிடம் பதில் இல்லை. வாசலும் கிணறும் அமையும் திசைக்கு அவரைக் கேளுங்கள். அது வேறு கணக்கு.

இரண்டாவது, மின்தடை அளவை. நாலு இரும்புக் கூர்களை ஒரே கோட்டில் நிலத்தில் அடித்து, வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு உள் இரண்டில் மின்னழுத்தத்தை வாசிப்பார்கள். வெளிக் கூர்களைத் தள்ளித் தள்ளி வைக்க அளவை ஆழமாகப் போகும். காய்ந்த சுண்ணக்கல் மின்சாரத்தை விடாது. நன்னீர் நிறைந்த கல் ஓரளவு விடும். உப்புநீர் நிறைந்த கல் தாராளமாக விடும். ஆகவே நன்னீருக்கும் உவர்நீருக்கும் எல்லை காண்பதற்கு யாழ்ப்பாணத்தைப் போல இந்த முறைக்குத் தோதான நிலம் குறைவு. கைதடிப் பக்கம் அயலில் கிணறே இல்லாத ஒரு வெறுங்காணியில் இதைச் செய்வித்தேன், கொடுத்த காசுக்குப் பிழையில்லை. எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு எண் கையில் கிடைத்தது.

குறையும் உண்டு. முப்பது நாற்பது மீற்றர் ஆழம் பார்க்க வெளிக் கூர்கள் இரண்டுக்கும் இடையே 150, 200 மீற்றர் வேண்டும். மூன்று பரப்பு வளவுக்குள் அதற்கு இடமில்லை. புத்தூரில் செய்வதானால் ஒழுங்கை நீளத்துக்கும் வயரை இழுத்து, "ரோட்டுப் போடப் போறியளோ?" என்று வருகிற எல்லாருக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். முள்ளுக்கம்பி வேலியும் புதைத்த இரும்புக் குழாயும் வாசிப்பைக் கெடுக்கும். களிமண்ணும் உப்புநீரும் கருவிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி. அயலில் நன்றாகத் தெரிந்த ஒரு கிணறாவது இருந்தால்தான் வரைபை நம்பி வாசிக்கலாம். நீர்வளச் சபை இந்த ஆய்வையும் துளையிடலையும் கட்டணத்துக்குச் செய்து கொடுக்கிறது, தனியாரும் செய்கிறார்கள். யாரைப் பிடித்தாலும் அளக்கிறவரும் துளைக்கிறவரும் ஒருவராக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. துளைக்கிறவருக்கு ஆழம்தான் வருமானம்.

மூன்றாவது, சோதனைத் துளையும் இறைப்புச் சோதனையும். ஹோட்டல், தொழிற்சாலை, நகர நீர் வழங்கல் என்றால் இது கட்டாயம். மணிக்கணக்காக இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, உப்பு எப்போது ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நாலு அறை வீட்டுக்கு இது எலியைப் பிடிக்க மலையைக் கிண்டுகிற வேலை.

நான்காவதாக ஒன்றிருக்கிறது, புத்தூரில் நான் செய்தது இதை மட்டுந்தான். ஒரு மின்கடத்துதிறன் பேனா, ஒரு கயிறு, ஒரு கொப்பி. தண்ணீரில் உப்புக் கூடக் கூட மின்சாரம் அதிகம் கடக்கும். பேனாவை அமிழ்த்தினால் மைக்ரோசீமன்ஸில் எண் வரும். ஆயிரத்துக்குக் கீழே நல்ல தண்ணீர், இரண்டாயிரத்தைத் தாண்டினால் நாக்குக்கே தெரியும், கடல் ஐம்பதாயிரத்தை ஒட்டி. புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், சுற்றிவர உள்ள பதினொரு கிணற்றுக்குப் போனேன். விடியற்காலையில் ஒரு வாசிப்பு, தோட்டத்து மோட்டர்கள் நின்ற பிறகு ஒன்று. ஒரு போத்தலில் ஈயக்குண்டு கட்டி அடியிலிருந்தும் தண்ணீர் எடுத்தேன். அம்மம்மாவின் கிணற்றில் மேலே 840, அடியில் 910. அடிக்கும் மேலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது நல்ல குறி. உப்பு கிணற்றடியை இன்னும் எட்டவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி ஆழக் குழாய் அடித்த வீட்டில் 2,300. இரண்டு கிணற்று எண்களையும் மாமாவுக்கு அனுப்பினேன். குழாய்க் கிணற்றுப் பேச்சு அன்றோடு நின்றது.

இந்தச் சுற்றில் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வெங்காயத் தோட்டத்து இரண்டு அங்குல மோட்டர் எங்கள் வீட்டின் ஒரு நாள் தண்ணீரை ஐந்தாறு நிமிடத்தில் இறைத்துவிடுகிறது. எங்கள் கிணற்றின் எதிர்காலம் எங்கள் மோட்டரைவிட அவருடைய மோட்டரில்தான் தங்கியிருக்கிறது. அவரோடு நல்லாக இருங்கள் என்று மாமாவுக்குச் சொன்னேன். எல்லை வேலிப் பிரச்சினையைக் கிளப்ப வேண்டாம் என்றும்.

உப்பு மட்டும் பார்த்தால் போதாது

பேனாவுக்குத் தெரியாதது நைத்திரேற்று. வலிகாமத்துச் செம்மண்ணில் போடும் யூரியாவும், வீட்டுக்கு வீடு இருக்கும் மலசலகூடக் குழியும் ஒரே கல்லுக்குள்தான் வடிகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனமும் இலங்கைத் தரமும் வைத்திருக்கும் எல்லை. நம்முடைய தோட்டப் பகுதிக் கிணறுகள் பல இதைத் தாண்டுகின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையைக் குறைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாக, மிஞ்சியதில் செறிவு கூடும். ஆகவே ஆய்வுகூடத்துக்கு இரண்டு முறை அனுப்புங்கள்: உப்புக்குப் புரட்டாதியில், நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் கார்த்திகையில், முதல் பெருமழை உரத்தையும் குழியையும் கழுவி இறக்கிய பிறகு. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி தூரம் என்று சொல்வார்கள். மண்ணில் அது சரி. வெடித்த கல்லில் ஐம்பது அடி ஒன்றுமேயில்லை. குழியின் அடியைச் சீமெந்தால் மூடி, நிரம்பும்போது பவுசர் வண்டியால் எடுப்பிப்பதே புத்தூரில் நான் செய்தது.

இந்தக் கல்லில் எதுவும் போட்ட இடத்தில் நிற்காது என்பதற்குச் சுன்னாகத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். மின்நிலையச் சூழலில் இருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததும், சனம் வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருந்ததும், 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னதும் நாம் எல்லாரும் பார்த்தவை.

குடிக்க என்ன வழி என்றால், எனக்கு மழைத்தண்ணீர்தான். 1,200 சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்து ஐந்தில் ஒன்று வீணானாலும் ஒரு லட்சம் லீற்றர் பீலியில் ஓடும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர். தையிலிருந்து ஆவணி வரை எட்டு மாதத்துக்கு 9,600. ஒரு பத்தாயிரம் லீற்றர்த் தாங்கி சரிக்குச் சரி. முதல் மழையைத் திறந்து விட்டுவிட வேண்டும், தாங்கிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, இவ்வளவுதான் கவனம். மிஞ்சுகிற மழையைத் தெருவுக்கு விடாமல் கிணற்றடிக்கு அப்பால் ஒரு கல்நிரப்பிய குழிக்குள் இறக்கினால் வில்லைக்கே போகும். குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் அதையும் எடுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொடுக்கக் கிளிநொச்சி விவசாயிகள் மறுத்த பிறகு, தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு.

அறையின் குளிருக்கு, துளைக்கு வைத்த காசைக் கூரைக்கு மாற்றச் சொன்னேன். கொங்கிறீற் பிளாட் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்குப் படுக்கையின் மேல் கக்குகிறது; ஏசி பாடுபடுவது அதோடுதான். பிளாட்டுக்கு மேலே இரண்டு அடி இடைவெளி விட்டு ஓட்டுக் கூரை. தென்மேற்குச் சுவரில் சோளகக் காற்றுக்குப் பெரிய யன்னல், எதிரே இன்னொன்று. இன்வேட்டர் ஏசி, வெளிப்பெட்டி வடக்குச் சுவரில், வெயில் படாமல். சூரியத் தகடு போடுவதானால் மின்சார உடன்படிக்கையின் நிபந்தனைகளைக் கையெழுத்து வைக்கும் நாளில் ஒருமுறை முழுக்க வாசியுங்கள், அவை அடிக்கடி மாறுகின்றன. பகலில் விளைவதை இரவில் தின்னும் வீட்டுக்கு அந்த நிபந்தனைதான் முழு லாபமும்.

என்னுடைய இந்த விடை எல்லாருக்கும் பொருந்தாது. வடமராட்சி கிழக்கு மணலில் காணி என்றால் கல் உடைக்கும் பாடே இல்லை, ஆனால் வில்லை மெல்லியது. அங்கே பத்துப் பதினைந்து அடிக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். தீவுப்பகுதியில் மழைத்தாங்கியை முதலில் கட்டிவிட்டு வீட்டைப் பிறகு கட்டுங்கள். நாற்பது அறை ஹோட்டல் கட்டுகிறவர் நான் மேலே வேண்டாம் என்ற சோதனைத் துளையையும் இறைப்புச் சோதனையையும் கட்டாயம் செய்ய வேண்டும். அயலில் கிணறே இல்லாத காணியில் மின்தடை அளவை இல்லாமல் ஒருவரையும் துளைக்க விடாதீர்கள்.

கிணறு சேறெடுத்து முடிந்தது. அடியில் அம்மம்மாவின் செம்பு ஒன்றும், யாரோ விட்ட மூன்று வாளியும் கிடைத்தன. மாமா ஆடியில் வருகிறார். பேனாவுக்குப் பற்றரியும் அளவு பார்க்கும் உப்புக் கரைசலும் இங்கே கிடைப்பது கஷ்டம், பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். செம்பை விளக்கி எடுத்து வை என்பது அவருடைய பதில்.